நந்தியாவட்டைக்கு இரண்டு சொம்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பால்கனியைப் பெருக்கும்போது ஒன்பது இலை. எல்லாம் மஞ்சள். நந்தியாவட்டை இப்படி இலை கொட்டுகிற செடியே இல்லை. வருடம் முழுக்க, எண்ணெய் தடவிய தலை மாதிரி, கரும்பச்சையாக மினுமினுவென்று நிற்கும். அம்மா இருந்தவரை அப்படித்தான் நின்றது. இப்போது பாதிக் கிளைகளில் இலைகள் துவண்டு தொங்குகின்றன. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது. தினமும் ஊற்றுகிற ஒரு சொம்போடு இன்னும் அரைச் சொம்பு சேர்த்து ஊற்றினேன்.

ஏழு மணிக்கு அக்கா வேலை முடிந்து வந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். அவளுக்கு முன்னால் அந்த மாவு வாடை வீட்டுக்குள் வந்துவிடும். நடையில் நான் ஒரு பக்கம் ஒதுங்கினேன், அவள் மறுபக்கம் ஒதுங்கினாள். ஏழு மாதப் பழக்கம், இப்போதெல்லாம் தோள்கூட இடிப்பதில்லை. சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பால் தீந்து போச்சாம்."

யாரிடம் சொன்னாள்? ஃப்ரிட்ஜிடம். அதுவும் "போச்சாம்" — யாரோ வந்து அவளுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போன மாதிரி. நானும் சுவரைப் பார்த்து, "சாயங்காலம் வருமாம்" என்றேன். வெளியாள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

மார்ச் 5, வியாழன்

பதினான்கு இலை.

மார்ச் 9, திங்கள்

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸை ஓரம் தேய்க்கும்போது கை நழுவிச் சில்லு பெயர்ந்துவிட்டது. முதலாளியம்மா உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து அதைப் பார்த்தார். எதையும் அதில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி.

"என்னம்மா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"செடிக்கு."

"செடிக்கா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எப்படிப் புரியவைப்பேன்? அம்மாவின் துணிகளைச் சித்தி மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அம்மாவின் போன் எண்ணை யாருக்கோ ஒதுக்கிவிட்டார்கள். ஒருநாள் அழைத்துப் பார்த்தேன், ஓர் ஆண்குரல் எடுத்தது. அம்மாவின் கைபட்டு வளர்ந்ததில் மிச்சம் மூன்றுதான்: அக்கா, நான், இந்தச் செடி. மூன்றில் நான் பேசுவது செடியோடு மட்டும்.

வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போங்கள் என்று சித்தி போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். "இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு?" நான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். உண்மைக் காரணம் இதுதான்: செடி நிற்கும் அந்தச் சிமெண்ட் தொட்டியை யார் எடுத்துப்போவது என்று எங்களால் முடிவு செய்ய முடியாது. முடிவு செய்ய வேண்டுமானால் பேச வேண்டும். செடி செத்துவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை. அப்புறம் அக்கா யாரோ, நான் யாரோ.

மார்ச் 12, வியாழன்

அம்மாவின் பிறந்தநாள்.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆகஸ்டில் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா கடைக்குப் போன் செய்தாள். அம்மாவை எழுப்ப முடியவில்லை, உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருக்கிறது என்றாள். மருத்துவமனையில் டாக்டர், "சர்க்கரை ரொம்ப எறங்கிடுச்சு. காலைல சாப்பிடலையா?" என்று கேட்டார். அக்கா, "குடுத்தேன்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவள் சாப்பிடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வேலை முடிந்து வந்த அசதியில் இவள் படுத்துத் தூங்கிவிட்டாள். அம்மா மூன்று நாள் கண்ணைத் திறக்கவே இல்லை. நான்காம் நாள் போய்விட்டாள்.

சித்தியின் முன்னால் வைத்துத்தான் கேட்டேன். "நீ தூங்கினே. அம்மா போயிட்டா." அக்கா என்னைப் பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. தப்பு செய்யாதவளாக இருந்தால் சண்டைக்கு வந்திருக்க மாட்டாளா?

மார்ச் 14, சனி

இரண்டு மஞ்சள் இலைகளையும் ஒரு கிளை நுனியையும் தாளில் மடித்துச் செடிக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரி என் வயதுதான் இருப்பாள். இலையை விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு தண்ணி ஊத்தறீங்க?"

"தினமும் காலைல ஒரு சொம்பு. வாடுதேன்னு இப்ப ஒன்றரை."

"வாடினா தண்ணி இல்லாமத்தான் வாடணுமா? இது வேர் அழுகி வாடுது. மூச்சு முட்டுது அதுக்கு. ரெண்டு மூணு சொம்பு குடிச்ச செடி மாதிரியில்ல இருக்கு!"

"ஒரே சொம்புதாங்க. சத்தியமா."

"என்கிட்ட எதுக்கு சத்தியம்? மண்ணைத் தொட்டுப் பாருங்க. காயற வரைக்கும் சொட்டுத் தண்ணி காட்டாதீங்க."

பணிவாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் எரிச்சல். நான் கண்ணும் கருத்துமாக ஊற்றியதைக் குற்றம் என்கிறாளே.

மார்ச் 20, வெள்ளி

ஆறு நாளாக நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டால் சேறாக ஒட்டுகிறது. வெயில் இந்தப் போடு போடுகிறது, எப்படிக் காயாமல் இருக்கும்? மழையும் இல்லை. மேல்வீட்டிலிருந்து குழாய் ஏதாவது கசிகிறதா என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது.

மார்ச் 21, சனி

பார்த்துவிட்டேன்.

எனக்கு இன்று விடுமுறை, படுத்திருந்தேன். ஏழு மணிக்குக் கதவு திறந்த சத்தம். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சொம்பை நிரப்பிக்கொண்டு நேரே பால்கனிக்குப் போனாள். ஒரு சொம்பு. திரும்பி வந்து இன்னொன்று. திரைச்சீலைக்குப் பின்னால் நான் நின்றதை அவள் பார்க்கவில்லை. குனிந்து செடியிடம், "குடிச்சுக்கோ. அவ ஊத்த மாட்டா. நான் ஊத்தறேன், குடிச்சுக்கோ" என்றாள்.

ஏழு மாதம் கழித்து அந்தக் குரலை முழுசாகக் கேட்கிறேன். வெட்டிவிடலாம் போல கோபம் வந்தது. நான் ஊத்த மாட்டேனா? நானா? தினமும் விடிஞ்சதும் மொத வேலையா ஊத்தினவ நான்! அம்மாவைக் கொன்னது பத்தாதுன்னு இதையும் கொல்றா. தினமும், தினமும் வந்து கொல்றா.

அதே நாள், மாலை

ஆறு மணிக்கு நான் ஊற்றுவேன். ஏழு மணிக்கு அவள் ஊற்றுவாள். அவள் கவனிப்பதில்லை என்று நான் நினைத்தேன். நான் கவனிப்பதில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். ஏழு மாதமாக இரண்டு பேரும்

மார்ச் 22, ஞாயிறு

நேற்று அந்த வரியை முடிக்க முடியவில்லை. இன்றும் முடியுமா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு ஊசி போடும் வேலையை நாங்கள் பங்கு போட்டிருந்தோம். ஏழு மணிக்கு அக்கா வந்ததும் போடுவாள். ஏதாவது காரணத்தால் நான் முந்திக்கொண்டால், ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். கவிழ்ந்திருந்தால் போட்டாகிவிட்டது, நிமிர்ந்திருந்தால் இல்லை. தொழிற்சாலையில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அக்காவைக் கூப்பிட முடியாது. அம்மாவைக் கேட்டுப் பயனில்லை, ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்தது அவளுக்கு நினைவிருக்காது. அதனால் டம்ளர்.

அந்தத் திங்கட்கிழமை கடைக்குப் புது எந்திரம் வந்து இறங்குகிறது, ஏழு மணிக்கே வந்து திற என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். ஆறேகாலுக்கு அம்மாவுக்கு ஊசி போட்டேன். அது நன்றாக நினைவிருக்கிறது. கொடுத்த கஞ்சியைக் கொஞ்சம் குடித்தாள். நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கியது நினைவிருக்கிறது. பேருந்தில் நின்றுகொண்டு தலை வாரியது நினைவிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் முகத்தைச் சுளித்ததுகூட நினைவிருக்கிறது.

டம்ளரைக் கவிழ்த்தேனா?

எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. என் கை டம்ளரிடம் போவதை என்னால் பார்க்கவே முடியவில்லை.

நான் போட்டேன். அவளும் போட்டிருப்பாள். டாக்டர் "சாப்பிடலையா" என்று கேட்டதும் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேனே, ஏன்? ஊசியைப் பற்றி எனக்கு ஏன் தோன்றவே இல்லை? தோன்ற விடவில்லையா நான்?

மார்ச் 24, செவ்வாய்

இடது கண்ணுக்கான லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடி திட்டவில்லை. "நாலு நாள் லீவு எடுத்துக்கோம்மா" என்றார். வீட்டில் போய் என்ன செய்ய? வேண்டாம் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

செடியை வெளியே எடுத்தேன்.

நேற்று மறுபடி போய்க் கேட்டபோது செடிக்கடைக்காரி சொன்னபடி கத்தியைத் தொட்டியின் ஓரமாக விட்டுச் சுற்றிலும் கீறினேன். தொட்டியைச் சாய்க்கப் பார்த்தேன். அசைந்தால்தானே! மூச்சு வாங்க நின்றபோது எதிர்ப்பக்கத்தில் இரண்டு கைகள் வந்து தொட்டியைப் பிடித்தன. தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறாள், கன்னத்தில் தலையணை மடிப்பு. அவள் தொட்டியைப் பிடித்துக்கொள்ள, நான் தண்டைப் பிடித்து இழுத்தேன். மண் மொத்தமாக வந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது. கீழே இருந்த ஓட்டையை வேரே அடைத்துவிட்டிருக்கிறது. பாதி வேர் கறுப்பு, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது.

அழுகியதையெல்லாம் வெட்டினேன். அக்கா குழாயில் பிடித்துக் கழுவினாள். வெள்ளையாக மிஞ்சிய வேர் ஒரு கைப்பிடிகூட இல்லை. மேலே ஐந்து கிளை. வெட்டினால் பால் வர வேண்டும், வந்தால் உயிர் இருக்கிறது. மூன்று கிளைகள் சுள்ளி மாதிரி ஒடிந்தன. நான்காவதில் ஒரு சொட்டு. ஐந்தாவதில் ஒரு சொட்டு. சின்ன மண்தொட்டியில் மணலும் எருவும் கலந்து நட்டோம். நட்டோம் என்று எழுதியிருக்கிறேன். ஆமாம், இரண்டு பேரும்தான்.

அரைமணி நேரம் அவளுடைய விரலும் என்னுடைய விரலும் ஒரே மண்ணுக்குள் இருந்தன. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். கோழை.

மார்ச் 30, திங்கள்

தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டினேன். "ஊற்ற வேண்டாம். இரட்டிப்பாகிவிடுகிறது. நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்."

மாலையில் வந்து பார்த்தால் அடியில் பென்சிலால்: "சரி."

ஏப்ரல் 6, திங்கள்

சொன்னால் என்ன ஆகும்? அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்காமல் தூங்கினாய் என்று நான் போட்ட பழி நீங்கும். அதே நிமிடத்தில், இரண்டாவது ஊசி உன் கையால்தான் போனது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதைவிடப் பழைய பழியே தேவலை இல்லையா?

பொய். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்படிக் கணக்குப் போடுகிறேன். அவள் இந்நேரம் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, நான் தூங்காமல் இருந்திருந்தால், நான் தூங்காமல் இருந்திருந்தால் என்று புரண்டுகொண்டிருப்பாள். அதை அவள் தலையில் கட்டியவள் நான்.

ஏப்ரல் 13, திங்கள்

மிச்சமிருந்த இலைகளும் கொட்டிவிட்டன. தொட்டியில் இரண்டு குச்சிகள் நிற்கின்றன.

ஏப்ரல் 18, சனி

செடிக்கடைக்காரியிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன். பட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது, தினமும் கீறிப் பார்க்கிறேன் என்றேன்.

"தினமுமா? நல்லா இருக்கே! உங்கள யாராவது தினம் கீறிக் கீறி உசிரு இருக்கான்னு பாத்தா நீங்க பொழைப்பீங்களா? நிழல்ல வெச்சுட்டு சும்மா இருங்க. சும்மா இருக்கத் தெரியலன்னா செடி வளக்காதீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வரும் வழியில் பேருந்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

ஒன்றுமில்லை. செடியிலும் ஒன்றுமில்லை, என்னிடமும் ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், கடைக்குப் போகிறேன், பிறருடைய கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுகிறேன். நாள் முழுக்க "இப்ப நல்லாத் தெரியுதா?" என்று கேட்கிறேன்.

மே 3, ஞாயிறு

ஒரு குச்சியின் கணுவில் அரிசி அளவுக்குப் பச்சை. துளிர்தான்.

இந்த நாளுக்காகத் தவம் கிடந்தேன், வந்ததும் ஒன்றும் தோன்றவில்லை. இது பிழைத்துவிடும். சரியான நேரத்தில் ஒருத்தர் பார்த்துக் கண்டுபிடித்தால் பிழைக்கிற விஷயம்தான் அது. அம்மாவை யாரும் பார்க்கவில்லையே. தரையில் உட்கார்ந்து அந்தத் துளிரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. செடிமேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு நேற்று ராத்திரி வேலை இல்லை. காலையில் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். சுவரைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜைப் பார்க்கவில்லை.

"அக்கா. அன்னைக்குக் காலைல அம்மாவுக்கு நான் ஊசி போட்டுட்டுத்தான் போனேன். டம்ளரக் கவுத்தேனான்னு ஞாபகம் இல்ல."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"டம்ளர் நிமிந்துதான் இருந்துது. நானும் போட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரிலேர்ந்து அம்மா துணி எடுக்க வந்தேன்ல? அப்ப, போட்டு முடிச்ச ஊசியப் போடற டப்பாவத் தொறந்து பாத்தேன். மொத நாள்தான் காலி பண்ணி வெச்சிருந்தோம். ரெண்டு ஊசி கெடந்துது. டாக்டர்கிட்ட மட்டும் சொன்னேன். நேரம் தாண்டிப் போச்சும்மான்னாரு."

"ஏன் என்கிட்ட சொல்லல? நான் உன்ன சித்தி முன்னால வெச்சு…"

"திட்டினே. திட்டிட்டு சாப்பிட்டே, தூங்கினே, வேலைக்குப் போனே. சொல்லியிருந்தா இதெல்லாம் பண்ணியிருப்பியா நீ? வாயத் தொறந்தா அதுதான் வரும்னு இருந்துது. அதான் தொறக்கல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன், நான் மட்டும் மறந்துபோய்த் தப்பித்துவிடக் கூடாது.

"அம்மா போட்டாச்சுன்னுதான்டீ சொன்னா. தினமும் அதத்தான சொல்லுவா, ஊசிக்கு பயந்துக்கிட்டு. 'போட்டாச்சு, போட்டாச்சு'ன்னு கையப் பின்னால ஒளிச்சுக்கிட்டா. நான் சிரிச்சுக்கிட்டே கையப் புடிச்சு இழுத்துப் போட்டேன்."

அக்கா குழந்தை மாதிரி அழுதாள். நானும் அழுதேன். பழியைப் போட இந்த முறை வெங்காயம் இருந்தது. வெகுநேரம் கழித்து அவளே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். குழம்பில் உப்பு இல்லை. இரண்டு பேரும் சொல்லவில்லை.

மே 12, செவ்வாய்

சொன்னால் பாரம் குறையும் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? குறையவில்லை. இதுவரைக்கும் டம்ளர் மட்டும்தான் கண்முன் நின்றது. இப்போது அம்மா கையை ஒளித்துக்கொள்வதும் சேர்ந்து தெரிகிறது.

மே 20, புதன்

சித்தி போன் செய்தார். வீட்டைப் பற்றி என்ன முடிவு என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அக்காவிடம் போனைக் கொடுத்தேன். "இப்போதைக்கு இல்ல சித்தி" என்றாள். எங்கள் சண்டையைத் தாத்தா காலத்துப் பகைபோல ஊர்முழுக்கப் பரப்பியிருந்த சித்திக்கு, நாங்கள் ஒரே போனில் பேசியது பெரிய ஏமாற்றம்.

சித்தியிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் முன்னால்தானே அக்காவைக் குற்றம் சொன்னேன். அடுத்த வாரம் நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். அக்கா வேண்டாம் என்கிறாள். போவேன்.

ஜூன் 2, செவ்வாய்

இரண்டு கிளையிலும் சேர்த்துப் பதினொரு இலை. மொட்டு எதுவும் இல்லை, இந்த வருடம் பூக்காது. ஒரு கிளை கொஞ்சம் சாய்ந்திருந்தது, குச்சி நட்டுக் கட்டினேன். சீட்டை எப்போதோ கிழித்துவிட்டோம்.

அக்கா இன்று ஏழு பத்துக்கு வந்தாள். நான் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போனவள் சொம்போடு திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்கு நீ ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

"நெஜமா?"

"ஊத்திட்டேன்க்கா."

"சரி" என்று சொம்பைக் கொண்டுபோய் வைத்தாள்.

கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் படியிறங்கினேன். முதல் மாடி தாண்டியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தெருவில் என் பேருந்து வந்து நின்று, போனது. அடுத்ததும் போனது.